சருகுக்கு மேலே

பாத்து வாங்க தாயி. அந்தப் பச்சைக் கல்லுல மட்டும் கால் வெச்சிடாதீங்க. பார்க்கத்தான் கல்லு, மேல பூராவும் பாசி. போன மாசம் ஒரு சார் கேமராவோட வந்தாரு. அதுல கால் வெச்சு உருண்டு, பஸ் நிக்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்துட்டாரு.

பையை இப்படிக் குடுங்க. இந்தக் கூடையில வெச்சுக்கிறேன். கூடை எதுக்குன்னு பார்க்கிறீங்களா? எங்க மலையில வெறுங்கையோட யாரும் ஏற மாட்டோம், அவ்வளவுதான். என் வலது கையை நினைச்சுப் பயப்படாதீங்க. ரெண்டு விரல் இல்லைன்னாலும் பிடி உறுதியா இருக்கும். அது எப்படிப் போச்சுன்னும் சொல்றேன். மேல போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும், சொல்லி முடிச்சுடலாம்.

மண்சரிவைப் பார்த்து எழுதிக் குடுக்க ஒரு அதிகாரியம்மா வர்றாங்கன்னு பஸ் கண்டக்டர் சொன்னாரு. அதனாலதான் விடிஞ்சதுல இருந்து உங்களுக்காகக் காத்திருக்கேன். உங்க எழுத்துலதான் என் பிழைப்பு இருக்கு தாயி. சரிஞ்ச இடத்தைச் சுத்தி ரிப்பன் கட்டி, உள்ளே யாரும் மண்வெட்டி போடக் கூடாதுன்னு பலகை நட்டிருக்காங்க. அந்த ரிப்பனுக்குள்ள கிடக்கிறது என் தோட்டத்து மண்ணு. அதை நான் அள்ளிக்கலாம்னு நீங்க ஒரு வரி எழுதினாப் போதும். வேற எதுவும் வேண்டாம். அரிசி குடுக்கிறேன்னாங்க, தகரக் கொட்டகை போட்டுத் தர்றேன்னாங்க. எனக்கு மண்ணு போதும்.

ஊரு பேரு ஏழுகட்டு. நீங்க காகிதத்துல எங்க ஊரைப் படுக்க வெச்சுப் பார்த்திருப்பீங்க. எங்க ஊரு படுக்காது, நின்னுக்கிட்டேதான் இருக்கும். ஏழு கல்லுச் சுவரு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. ஒவ்வொண்ணும் ரெண்டு ஆள் உயரம். சிமெண்டு கிடையாது, சாந்து கிடையாது, கல்லு மேல கல்லு. ஒரு சுவத்துக்கு மேல ஒரு துண்டுத் தோட்டம், தோட்டத்துக்குப் பின்னாடி ஒரு வீடு, வீட்டு முதுகுக்குப் பின்னாடி அடுத்த சுவரு. அவ்வளவுதான் ஊரு. சமவெளிக்காரங்களுக்குப் பக்கத்து வீடுன்னா இடப்பக்கம், வலப்பக்கம். எங்களுக்கு மேலயும் கீழயும். நான் என் தோட்டத்து விளிம்புல நின்னு எச்சில் துப்பினா, கீழ இருக்கிறவன் கூரையில விழும்.

நான் அஞ்சாங்கட்டு. பேரு கோம்பையன். எனக்கு நேர் கீழ நாலாங்கட்டு. அது அங்குச்சாமி இடம். அங்குச்சாமி எனக்கு மச்சான். என் சம்சாரம் சிலம்பாயிக்குக் கூடப் பொறந்த அண்ணன். கீழ்க்கட்டுல பொறந்து, பதினாறு படி ஏறி, மேல்கட்டுக்கு வாழ வந்தவ அவ. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவனுக்கு ஒரே பொண்ணு, சமவெளியில கட்டிக் குடுத்துட்டான். பொண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. நாலாங்கட்டுல அவனும் சுமை தூக்குற ஒரு மட்டக்குதிரையும் மட்டும்தான்.

முதல்கட்டு வந்தாச்சு. அதோ உக்கார்ந்திருக்காரே, அவர்தான் ஊர்ப்பெரியவர் சென்னப்பன். கும்பிடுங்க. எனக்குப் பதில் கும்பிடு போட மாட்டாரு. கண்ணு சரியாத் தெரியறதில்லை அவருக்கு. உங்களைப் பார்த்துக் கும்பிட்டாரா? வெள்ளைத் துணி போட்டிருக்கீங்க, அதனால தெரிஞ்சிருக்கும்.

மெதுவா ஏறுங்க. ரெண்டாங்கட்டுல கொஞ்சம் நிக்கலாம், உங்களுக்கு மூச்சு வாங்குது. இதோ பாருங்க, சுவத்துக் காலடியில நீளமா ஒரு குழி ஓடுதா? முழங்கால் ஆழம். மண்குழின்னு சொல்லுவோம். இதைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் மத்தது புரியும், அதனால பொறுமையாக் கேளுங்க.

மழை பெய்யும்போது மேல்தோட்டத்து மண்ணு தண்ணியோட சேர்ந்து கல்லு இடுக்குல கசியும், சுவத்துக்கு மேலயும் வழியும். வழிஞ்சு இந்தக் குழியில தங்கும். அப்படியே விட்டுட்டா நாலு தலைமுறையில மேல இருக்கிறவனுக்கு வெறும் பாறை, கீழ இருக்கிறவனுக்குக் குதிர் குதிரா மண்ணு. அதனால முன்னாடி இருந்தவங்க ஒரு முறை வெச்சாங்க. புரட்டாசி முடியிறப்போ, மழைக்கு முன்னாடி, கீழ இருக்கிறவன் குழியில ஒரு அடுக்கு காட்டுச் சருகு பரப்பணும். மார்கழியில மழை விட்டதும், மேல இருக்கிறவன் கூடையோட இறங்கி வரணும். சருகுக்கு மேல இருக்கிற மண்ணு அவனுக்கு. சருகுக்குக் கீழ இருக்கிறது கீழ இருக்கிறவனுக்கு. தை ஒண்ணுக்குள்ள அள்ளிடணும். அள்ளாம விட்டா அது கீழ இருக்கிறவனுக்கே போயிடும். அடுத்த புரட்டாசியில அது மேல புதுச் சருகு விழுந்துடும்.

இன்னும் ரெண்டு இருக்கு. மழையில சுவத்துக் கல்லு விழுந்திருந்தா, அள்ளுறதுக்கு முன்னாடி மேல இருக்கிறவன் அதை அடுக்கிக் குடுக்கணும். அடுக்கினதும் முதல் கூடையைக் கீழ இருக்கிறவன் தன் கையால தூக்கி, மேல இருக்கிறவன் தலையில வைக்கணும். நிறைஞ்ச மனசோட எடுத்துக்கோன்னு அர்த்தம். முதல் கூடை ஏறாம ரெண்டாவது கூடை ஏறக் கூடாது.

முறை இவ்வளவுதான். இதுல நான் எதை மீறினேன்னு கடைசியில நீங்களே சொல்லுங்க.

எங்க அப்பா நெஞ்சுச் சளியில ஒன்பது வருஷம் படுத்துக் கிடந்தாரு. நான் அப்போ திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தேன். ஒன்பது வருஷம் யாரும் கூடையோட இறங்கலை. ஒன்பது வருஷத்து மண்ணும் அங்குச்சாமியோட அப்பன்கிட்டயே தங்கிடுச்சு. நான் திரும்பி வந்து தோட்டத்துல மண்வெட்டியைப் போட்டா டங்குன்னு கல்லு பேசுது. கீழ அவங்க தோட்டத்துல கையை விட்டா முழங்கை வரைக்கும் இறங்குது. என் பீன்ஸு முழங்கால் உயரத்துலயே மஞ்சளாகி நிக்கும். அவன் வாழைத்தாரை ஒருத்தன் தனியாத் தூக்க முடியாது. அந்த வாழையைப் பார்க்கும்போதெல்லாம், அது எங்க அப்பன் நெஞ்சு மேல ஏறி நிக்கிற மாதிரியே எனக்குத் தெரியும்.

சிலம்பாயி சொல்லுவா, "அவங்க என்ன திருடியா எடுத்தாங்க? மாமா படுத்துட்டாரு, நீங்க ஊர்ல இல்லை. மண்ணு யாருக்காகக் காத்திருக்கும்?" அவ எப்பவும் அப்படித்தான். மேல வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, பேச்சு மட்டும் கீழ்க்கட்டுலயே நின்னுடுச்சு.

ஏறலாமா? கதவைச் சாத்துறாங்களேன்னு பார்க்கிறீங்களா. வெயில் ஏறுது பாருங்க, அதுக்காகச் சாத்திக்கிறாங்க.

போன மார்கழியில நடந்ததைச் சொல்றேன். அந்த வருஷம் பெரிய மழை. எனக்கும் அவனுக்கும் நடுவுல இருக்கிற சுவத்துல, ஒரு கதவு அகலத்துக்குக் கல்லு உதிர்ந்து கிடந்துச்சு. நான் கூடையும் மண்வெட்டியுமா இறங்கினேன். சிலம்பாயி பின்னால வந்தா. அங்குச்சாமி குதிரைக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தான்.

"வாங்க மாப்பிள்ளை. சீக்கிரம் கல்லை அடுக்கிட்டீங்கன்னா, கூடையைத் தூக்கி விட்டுட்டு நான் சந்தைக்குக் கிளம்புவேன்"ன்னான்.

"விழுந்து கிடக்கிறது உங்க இடத்துல. நீங்களே அடுக்குங்க மச்சான்"ன்னேன்.

"விழுந்தது என் இடத்துலதான். தாங்கிக்கிட்டிருந்தது யாரு இடத்தை?"

அது ஒரு கேள்வியா தாயி? கண்ணு முன்னாடி கல்லு அவன் நிலத்துல கிடக்குது. நான் குழியில இறங்கிக் கூடையை நிரப்பினேன். அவன் கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

"உங்க மண்ணுக்குக் கால் முளைச்சிருக்கு மாப்பிள்ளை. வருஷா வருஷம் என் வீட்டுக்கு நடந்து வருது. உங்க வீட்டுல சோறு சரியில்லையோ என்னமோ"ன்னு சிரிச்சான்.

சிலம்பாயியும் சிரிச்சா. அவன் சிரிச்சதை விட்டுடுவேன். அவ சிரிச்சதுதான்.

மண்வெட்டியைத் திருப்பிப் பிடிச்சுக் காம்பால ஓங்கினேன். மண்டையில போடத்தான் ஓங்கினேன், அவன் விலகிட்டதால தோள்ல விழுந்துச்சு. காறை எலும்பு ஒடியிற சத்தம் காய்ஞ்ச அவரையை ஒடிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்படியே சுருண்டு உக்கார்ந்துட்டான். மண்டையில விழலை பாருங்க. அவ்வளவு கோபத்துலயும் எனக்கு நிதானம் இருந்துச்சு.

நிரப்பின கூடையை அவன் பக்கத்துல வெச்சு, "தூக்கி விடு"ன்னேன். அவனால முடியலை. சிலம்பாயியைப் பார்த்தேன். அவ அண்ணன் தலையை மடியில வெச்சுக்கிட்டு என்னைப் பார்க்கவே இல்லை. சரின்னு நானே மண்டி போட்டு, கூடையைத் தலையில சாய்ச்சு எழுந்திருச்சேன். கழுத்து நரம்பு தெறிக்கிற மாதிரி வலி. ஏழுகட்டுல முதல் கூடையைத் தானே தூக்கினவன் நான் ஒருத்தன்தான்.

ஊரு கூடுச்சு. சென்னப்பன் அய்யா, "சுவத்தை அடுக்கிக் குடு. அது வரைக்கும் குழியில இறங்காதே"ன்னாரு. பெரியவர் பேச்சைத் தட்ட மாட்டேன் நான். அடுத்த நாளே அடுக்கினேன். வெளியில தெரியற பெரிய கல்லை மட்டும் அடுக்கினேன். உள்ளே திணிக்கிற சின்னக் கல்லையெல்லாம் போடலை. உள்ளே இருக்கிறதை யாரு பார்க்கப் போறா?

அங்குச்சாமி பார்த்தான். கழுத்துல துணியைக் கட்டிக் கையைத் தொங்க விட்டுக்கிட்டு வந்தான். காலை எடுத்து ஒரு உதை விட்டான். மொத்தமும் பொலபொலன்னு கொட்டிடுச்சு.

"இதுதான் நீங்க கட்டுன லட்சணமா? கோழி அடைக்கக்கூட ஆகாது"ன்னான்.

நான் அவன் முறிஞ்ச தோளைப் பிடிச்சு அழுத்தினேன். அவன் கத்திக்கிட்டே இடுப்புல இருந்த அரிவாளை இடது கையால உருவி வீசினான். என் விரல் ரெண்டு குழிக்குள்ள போய் விழுந்துச்சு. அவனுக்கு இடது கை பழக்கம் கிடையாது, அதனால ரெண்டு விரலோட போச்சு. வலது கையா இருந்தா மணிக்கட்டே போயிருக்கும். கடவுள் புண்ணியம், காறை எலும்பை நான் முன்னாடியே முறிச்சிருந்தேன்.

விரலைத் தேடிப் பார்த்தேன் தாயி. கிடைக்கலை. மண்ணோட மண்ணாக் கலந்திருச்சு.

போலீஸா? எங்க ஊருக்குப் போலீஸ் வரணும்னா பூட்ஸைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் வரணும். ஆஸ்பத்திரியில அவனும் வழுக்கி விழுந்ததாச் சொன்னான், நானும் வழுக்கி விழுந்ததாச் சொன்னேன். "உங்க ஊரு ரொம்ப வழுக்குமோ"ன்னு டாக்டர் கேட்டாரு.

நான் கையில கட்டோட படுத்திருந்தப்போ தை ஒண்ணு கடந்துடுச்சு. அவன் வெட்டினதாலதானே படுத்தேன்? அந்த நாளையெல்லாம் கழிச்சுப் பார்த்தா எனக்குத் தவணை இன்னும் முடியலை. நீங்க படிச்சவங்க, யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் அந்தக் குதிரை விஷயம். அதை வேற யாராவது வேற மாதிரி சொல்லுவாங்க, அதனால நானே சொல்லிடறேன். விளிம்புல ஒரு உருண்டைக் கல்லு இருந்துச்சு. பயமுறுத்தத்தான் தள்ளினேன். கீழ குதிரை கட்டியிருக்கும்னு எனக்குத் தெரியாதான்னு கேட்பாங்க. தெரியும். ஆனா அந்நேரத்துக்கு அதை மேய ஓட்டிட்டுப் போயிருக்கணும். பின்னங்கால் ரெண்டும் நொறுங்கிடுச்சு. பொழுது உச்சிக்கு வர்ற வரைக்கும் அது கத்தின கத்து ஏழு கட்டுக்கும் கேட்டுச்சு. கடைசியில அவனே இடது கையால கழுத்தை அறுத்தான். ஒரே வெட்டுல முடியலை. மூணு தடவை அறுத்தான். பக்கத்துல நின்னு தலையைப் பிடிச்சுக்கிட்டது யாருன்னு நினைக்கிறீங்க? என் பொண்டாட்டி. புடவை பூராவும் ரத்தத்தோட மேல வந்து எனக்குச் சோறு போட்டா. நானும் சாப்பிட்டேன். கையைக் கழுவிட்டுத்தான் போட்டா, அதைச் சொல்லணும்.

அதுக்கப்புறம் அவன் என்கூட மல்லுக்கு நிக்கலை. தோளும் போச்சு, குதிரையும் போச்சு. பின்வாசக்கல்லுல உக்கார்ந்துக்கிட்டு நான் தோண்டுறதைப் பார்ப்பான். தினமும் தோண்டினேன். சருகு வரைக்கும் அள்ளினேன். சருகை விலக்கிப் பார்த்தா, அதுக்குக் கீழ இன்னும் மண்ணு. நாலு விரல் கனம் போனதும் இன்னொரு சருகு அடுக்கு, கறுப்புக் கோடு மாதிரி. அதுக்குக் கீழ மறுபடியும் மண்ணு, மறுபடியும் கோடு. எங்க அப்பா படுத்துக் கிடந்த வருஷம் ஒவ்வொண்ணும் அப்படியே அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு. ஒன்பது கோடு. முறைப்படி அது அவனுதுதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா கண்ணால பார்த்த பிறகு எப்படி விடறது?

ஒன்பதையும் தோண்டினேன். குழி என் நெஞ்சு ஆழத்துக்குப் போச்சு. சுவத்தோட அடிக்கல்லு தெரிஞ்சுச்சு. அடிக்கல்லுக்கு அடியிலயும் நல்ல கறுப்பு மண்ணு இருந்துச்சு. கையை விட்டுத் துழாவி அதையும் எடுத்தேன். எல்லாத்தையும் மேல கொண்டு போய் என் தோட்டத்துல கொட்டினேன். இடுப்பு உயரத்துக்கு மண்ணு ஏறிடுச்சு. என் அப்பன் காலத்துலகூட அப்படி இருந்ததில்லை.

அங்குச்சாமி வாசக்கல்லுல இருந்தே சொல்லுவான், "தோண்டுங்க மாப்பிள்ளை, நல்லாத் தோண்டுங்க. உங்க வீட்டைத்தான் தோண்டுறீங்க."

கேட்டீங்களா? ஒரு மனுஷன் வாயில வர்ற பேச்சா அது? வீடு விளங்காதுன்னு சாபம் விடறான். கூடப் பொறந்தவ வாழற வீடுன்னு ஒரு ஈரம் வேண்டாமா?

பார்த்து, இந்த இடத்துல படி ஒண்ணு இல்லை. என் கையைப் பிடிச்சுக்கோங்க. இடது கையைப் பிடிங்க.

ஒரு நாள் விதை வாங்கச் சந்தைக்குப் போயிட்டு மதியம் திரும்புறேன். சிலம்பாயி குழிக்குள்ள நிக்கிறா. புடவையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, கல்லு கல்லாத் தூக்கிச் சுவத்துக்கு அடியில திணிக்கிறா. சின்னக் கல்லு, பெரிய கல்லு எல்லாம் சேர்த்து, பொறுமையா, எறும்பு மாதிரி. நகமெல்லாம் பெயர்ந்து ரத்தம். நான் சந்தைக்குப் போற நாளெல்லாம் இதைத்தான் செஞ்சிருக்கா. பாதி தூரம் கட்டிட்டா. என் சோத்தைத் தின்னுட்டு அவ அண்ணன் சுவத்தைக் கட்டுறா.

"ஏன்டி, யாருக்குடி கட்டுற?"ன்னேன்.

"நமக்குத்தாங்க"ன்னா.

பொய் சொல்றவளை என்ன செய்யிறது? கட்டினதையெல்லாம் உதைச்சுத் தள்ளினேன். குறுக்க வந்தா. கையில கிடைச்ச கல்லால ஒண்ணு போட்டேன், காதுக்கு மேல. அப்புறம் எத்தனைன்னு எனக்கு ஞாபகம் இல்லை. நீங்க முகத்தைத் திருப்பிக்காதீங்க தாயி, நான் ஒளிக்காமச் சொல்றேன் இல்லையா? வேற எவனாவது இருந்தா அவளைக் கொன்னே போட்டிருப்பான். நான் விட்டுட்டேன். அவ எழுந்திருச்சு, தலையைப் பிடிச்சுக்கிட்டு, மேல வரலை. நேரா அண்ணன் வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. பதினெட்டு வருஷத்துல முதல் தடவை.

மாசியில மழை வந்துச்சு. எங்க பக்கம் மாசியில மழை கிடையாது, ஆனா வந்துச்சு. வானம் கருக்கல் கட்டினப்போ நான் விளிம்புல நின்னு எட்டிப் பார்த்தேன். கீழ சிலம்பாயி தலையில கட்டோட ஒரு சாக்குச் சருகைக் கொண்டு வந்து குழியில கொட்டிப் பரப்புறா. குழி நீளத்துக்கும், தோட்டத்துலயும்கூடப் பரப்புறா. புரட்டாசியில செய்யிறதை மாசியில செய்யிறா. அடிபட்டதுல புத்தி கலங்கிடுச்சோன்னு நினைச்சேன்.

மூணு நாள் விடாம அடிச்சுச்சு. நான் விட்டுடுவேனா? அவ்வளவு பாடுபட்டு ஏத்தின மண்ணு. தோட்டத்து விளிம்பு நெடுக வரப்பு போட்டேன். தண்ணி வெளியே போற வாய்க்காலைச் சாக்கு வெச்சு அடைச்சேன். ஒரு சொட்டு கீழ இறங்கலை தாயி. தோட்டம் குளம் மாதிரி நின்னுச்சு. எத்தனை தலைமுறையா வழிஞ்சுக்கிட்டிருந்த மண்ணை ஒரு மனுஷன் நிறுத்திக் காட்டினான்னா அது நான்தான். நீங்க என்ன எழுதுறீங்க? இதையா? எழுதுங்க, நல்லா எழுதுங்க. வாய்க்காலை அடைச்சேன்னு எழுதுங்க.

மூணாவது நாள் மதியம். சிலம்பாயி கீழ அண்ணன் வீட்டுப் பின்வாசல்ல வந்து நின்னு என்னைக் கூப்பிட்டா. நனைஞ்சுக்கிட்டே நின்னா.

"ஏங்க, சருகு போட்டிருக்கேன். இனிமே வர்றது பூரா உங்களுதுங்க. நானே தூக்கி விடறேன். வாய்க்காலை மட்டும் திறந்து விடுங்க"ன்னா.

"உங்க அண்ணனை வந்து திறக்கச் சொல்லு"ன்னேன்.

அவன் வந்தான். ஒத்தைக் கையால படியைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறினான். "மாப்பிள்ளை, சுவரு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. வந்து பாருங்க. சண்டையை அப்புறம் வெச்சுக்குவோம்"ன்னான். வாய்க்காலைத் திறந்தா மண்ணு யாருக்குப் போகும்? அவனுக்கு. எனக்குத் தெரியாதா அவன் தந்திரம்? கையில கிடைச்ச கல்லை எல்லாம் எடுத்து வீசினேன். ஒண்ணு நெத்தியில, ஒண்ணு முட்டியில. முட்டியில பட்டதும் நாலஞ்சு படி உருண்டான். அவ ஓடி வந்து கக்கத்துல கையைக் குடுத்து அவனைத் தூக்கி, வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனா. வாசல்ல ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தா. திட்டுவாளோன்னு நினைச்சேன். திட்டலை.

நான் ஆறாங்கட்டுக்கு ஏறினேன், அங்கே இருந்து வர்ற தண்ணியையும் திருப்பி விடலாம்னு. திரும்பிப் பார்க்கிறேன், என் தோட்டம் எழுந்திருக்குது. படுத்திருக்கிற மாடு எழுந்திருக்குமே, அந்த மாதிரி. முதல்ல பின்பக்கம் தூக்குச்சு, அப்புறம் முன்பக்கம் மண்டி போட்டுச்சு. அப்புறம் மொத்தமும் எழுந்து நடந்துடுச்சு. சத்தம்கூடப் பெருசா இல்லை. பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். நாலாங்கட்டுல வீடு இருந்துச்சு, வாழை இருந்துச்சு. நான் கண்ணைக் கொட்டித் திறக்கிறதுக்குள்ள எல்லாம் ஒரே சரிவு.

இதுதான் அது. வந்தாச்சு. மேல பாருங்க, அந்தரத்துல தொங்குதே, அதுதான் என் வீடு. வாசலைத் தாண்டி அடுத்த அடி வெச்சா ஆகாயம்.

நாலு நாள் தோண்டினாங்க. மிஷின் ஏறாது, ஆள் வெச்சுத் தோண்டினாங்க. தோண்டத் தோண்ட மேல இருந்து இறங்குதுன்னு நிறுத்திட்டாங்க. அங்குச்சாமி பொண்ணு வந்து அழுதுச்சு. ரெண்டு பேரும் இங்கேயே இருக்கட்டும், இதுவே சமாதியா இருக்கட்டும்னு ஊரு பேசி, அந்தப் பொண்ணுகிட்ட கையெழுத்து வாங்கினாங்க. சூடம் ஏத்தினாங்க. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. புருஷன் நான். மண்ணுக்குச் சொந்தக்காரனும் நான். இன்னைக்கு வரைக்கும் ஏழு கட்டுலயும் ஒருத்தர் என்கூடப் பேசுறதில்லை. என்ன தப்பு கேட்டேன்? முறையா எனக்குச் சேர வேண்டியதைத்தானே கேட்கிறேன்?

ரிப்பனைத் தூக்கிப் பிடிக்கிறேன், குனிஞ்சு உள்ளே வாங்க. வர மாட்டீங்களா? சரி. நீங்க நிக்கிறது கீழ்ப்பக்கம்தான். அங்கேயே நில்லுங்க, அது போதும்.

இப்போ முறையைச் சொல்லிப் பாருங்க. அவ போட்ட சருகு இந்த மொத்தத்துக்கும் அடியில இருக்கு. நான் என் கண்ணால பார்த்தேன், குழியிலயும் போட்டா, தோட்டத்துலயும் போட்டா. அதுக்கு மேல வந்து விழுந்தது எல்லாம் யாருக்கு? எனக்கு. நான் சொல்லலை, அவ வாயால அவளே சொன்னா. மண்ணு, கல்லு, வரப்பு, எங்கேயோ கிடக்கிற என் ரெண்டு விரலு, எல்லாம் சருகுக்கு மேல.

அவளும் சருகுக்கு மேலதான் இருக்கா தாயி.

உங்க பையை எடுத்துக்கோங்க. கூடை வேணும். இந்தக் கையால நிரப்புறதுக்கு நேரமாகாது, பழகிடுச்சு. தினமும் வந்து நிரப்புறேன். தானே தூக்கினா ஏற மாட்டேங்குது. மண்டி போட்டுச் சாய்ச்சுப் பார்த்துட்டேன், பாதி எழுந்திருக்கும்போது கழுத்து விட்டுடுது. போன தடவை நானே தூக்கினதுலதான் எல்லாம் கோணலாப் போச்சு. நானே தூக்கி விடறேன்னு சொன்னா. சொன்னவ வரலை. ஊர்ல ஒருத்தரும் இந்தப் பக்கம் கீழ வந்து நிக்க மாட்டேங்கிறாங்க. நீங்க நிக்கிறீங்க.

நிறைஞ்சிடுச்சு. அந்தப் பேனாவை அப்புறம் எடுங்க. இதோ குனியறேன். ரெண்டு கையாலயும் அடியில பிடிச்சு, என் தலையில வெச்சு விடுங்க. முதல் கூடை மட்டும்தான் தாயி. அப்புறம் நானே பார்த்துக்குவேன்.